கவிதைக்குள்ள சத்தம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறது எப்படி: புதுசா படிக்கிறவங்களுக்கு

செம்பூர்ல எங்க பில்டிங் மொட்டைமாடி ரூம்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழெட்டு பசங்களுக்கு தமிழ் எழுதப் படிக்க சொல்லித்தரேன். வாத்தியார்லாம் கிடையாது, வாரநாள் பூரா அக்கவுண்ட்ஸ் வேலைதான். பசங்க எல்லாம் மும்பைலயே பொறந்து வளர்ந்தவங்க, வீட்ல தமிழ், கீழ எறங்கினா ஹிந்தி, ஸ்கூல்ல மராத்தியும் இங்கிலீஷும். ஒருநாள் ஏழாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி கேட்டா, "அங்கிள், தமிழ்ல மட்டும் நாய் ஏன் லொள் லொள்னு குரைக்குது, நம்ம கல்லி நாய் பௌ பௌன்னுதான குரைக்குது?" எல்லாம் சிரிச்சிருச்சுங்க, எனக்கு சட்டுனு பதில் வரல.

யோசிச்சுப் பாத்தா நாய் ஒண்ணுதான், காதுதான் வேற வேற. சேவல் ஹிந்தில குக்டூகூ, மராத்தில குக்கூச்கூ, நம்மகிட்ட கொக்கரக்கோ. எந்தச் சேவலும் க-ங்கிற எழுத்தைப் படிச்சதில்ல, கேட்ட சத்தத்தை அந்தந்த மொழி தன் எழுத்துல புடிச்சு வச்சுக்குது, அவ்ளோதான். அப்படிப் புடிச்ச சொல்லுக்குத்தான் ஒலிக்குறிப்புச் சொல்னு பேர், இங்கிலீஷ் மீடியம் ஆளுங்க ஒனோமாட்டோபியான்னு சொல்றது. அதனால கவிதைல இதைத் தேடும்போது "நெஜ சத்தம் மாதிரியே இருக்கா"ன்னு பாக்காதீங்க, அது வேலைக்கு ஆகாது. வேற சில வழி இருக்கு, பசங்களுக்கு நான் சொல்லித்தர்ற வரிசையிலயே சொல்றேன்.

முதல் வேலை, பாட்டை வாய்விட்டு படிங்க. கண்ணால மட்டும் ஓட்டினா சத்தம் மாட்டவே மாட்டாது. கைல ஒரு பென்சில் இருக்கட்டும், எங்கயாவது நாக்கு துள்ளுச்சுன்னா, தடுக்குச்சுன்னா, அங்க சின்னதா ஒரு புள்ளி வைங்க. அர்த்தம் புரியலன்னா பரவால்ல, அது அப்புறம். பக்கத்து வீட்டுக்காரங்க என்னமோ ஏதோன்னு எட்டிப்பாக்கலாம், அதையும் கண்டுக்காதீங்க.

ரெண்டாவது, கொக்கியைத் தேடுங்க

இதுதான் முக்கியமான விஷயம். தமிழ்ல சத்தம் சும்மா தனியா தொங்காது, பெரும்பாலும் ஒரு கொக்கில மாட்டியிருக்கும். பேச்சுல அந்தக் கொக்கி "ன்னு": டமார்னு விழுந்துச்சு, படக்குன்னு ஒடைஞ்சுது. கவிதைல அதுவே "என", "என்று", "என்ன"ன்னு வரும். எந்தப் பாட்டைக் குடுத்தாலும் மொதல்ல இந்த "என"க்களை எல்லாம் வட்டம் போட்டுட்டு, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி என்ன நிக்குதுன்னு பாருங்க, பாதி மீன் அங்கயே சிக்கிரும்.

ஆனா கொக்கில மாட்டுறது எல்லாம் சத்தம் கிடையாது. குறுந்தொகைல 157ஆவது பாட்டு, அள்ளூர் நன்முல்லையார் எழுதினது, மொத்தமே நாலு அடி:

குக்கூ என்றது கோழி அதன்எதிர்
துட்கென் றன்றுஎன் தூஉ நெஞ்சம்
தோள்தோய் காதலர்ப் பிரிக்கும்
வாள்போல் வைகறை வந்தன்றால் எனவே

சங்கப்பாட்டுன்ன உடனே பயந்துராதீங்க. கோழி குக்கூன்னுச்சு, அதுக்கு எதிரா என் நெஞ்சு துட்குன்னுச்சு, தோளோட ஒட்டிக்கிடக்கிற ஆளைப் பிரிச்சு வைக்கிற வாள் மாதிரி விடியல் வந்துருச்சேன்னு. அவ்ளோதான் விஷயம்.

இப்ப கொக்கியை எண்ணுங்க, மூணு இருக்கு. "குக்கூ என்றது", இது சுத்தமான சத்தம், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கேக்கும். "துட்கென்றன்று", இது யாருக்கும் கேக்காது, அவளுக்கு மட்டும் உள்ள ஒரு அதிர்வு, நாம இப்பவும் "நெஞ்சு திக்குன்னுச்சு", "பக்குன்னு ஆயிருச்சு"ன்னு சொல்றோமே அதேதான். மூணாவது "எனவே", அதுல சத்தமும் இல்ல அதிர்வும் இல்ல, 'விடியல் வந்துருச்சுன்னு' அவ நெனச்சதைச் சொல்றதோட சரி. வெளிய சத்தம், உள்ள சத்தம், வெறும் பேச்சு, மூணையும் நாலு அடில ஒரே கொக்கில மாட்டி வச்சிருக்காங்க அந்தம்மா. அதுலயும் "அதன்எதிர்"ங்கிற சொல்லைப் பாருங்க, கோழி கேள்வி கேட்ட மாதிரியும் நெஞ்சு பதில் சொன்ன மாதிரியும். எனக்கு இந்த ஒரு பாட்டு போதும், இதை மட்டும் வச்சே ரெண்டு ஞாயிறு ஓட்டியிருக்கேன்.

இந்த "என" எங்கெங்க வரும்னு தொல்காப்பியத்துல ஒரு சூத்திரமே இருக்கு, "வினையே குறிப்பே இசையே பண்பே எண்ணே பெயரொடு"ன்னு ஆறு இடம் சொல்வார். அதுல "இசை"ன்னு சொல்றது நம்ம ஒலி, "குறிப்பு"ன்னு சொல்றது நெஞ்சு துட்குன்ன மாதிரி ஆளு. ரெண்டும் வேற வேறன்னு அந்தக் காலத்துலயே பிரிச்சு வச்சுட்டாங்க.

மூணாவது, போன் டெஸ்ட்

கொக்கில மாட்டின சொல் சத்தமா இல்லையான்னு எப்படி முடிவு பண்றது? நான் சொல்றது இதுதான்: நீங்க அந்த எடத்துல நின்னு ஊர்ல இருக்கிற ஆச்சிக்கு வெறும் ஆடியோ கால் போட்டிருக்கீங்க, வீடியோ கிடையாது. அந்தச் சொல் சொல்ற விஷயம் ஆச்சி காதுல விழுமா?

"பளார்"னு அறைஞ்சான், விழும். "பளீர்"னு வெளிச்சம் அடிச்சுது, விழாது, அது கண்ணுக்கு. "சுளீர்"னு வலிச்சுது, அது தோலுக்கு. மூணுமே பாக்க ஒரே வீட்டுப் புள்ளைங்க மாதிரி இருக்கும், ஆனா ஆச்சிக்கு கேக்கறது பளார் மட்டும்தான். குபீர்னு சிரிச்சா கேக்கும், குபீர்னு வேர்த்தா கேக்காது, அப்போ ஒரே சொல்லுகூட எடத்தைப் பொறுத்து மாறுது பாருங்க. சொல்லைத் தனியா எடுத்து முடிவு பண்ணக்கூடாது, வரியோட வச்சுதான் பாக்கணும்.

இரட்டைக்கிளவிலதான் புதுசா படிக்கிறவங்க நெறைய வழுக்குவாங்க. சலசல, கலகல, மடமட, பளபளன்னு ஜோடியா வந்தாலே ஒலிக்குறிப்புன்னு எழுதிருவாங்க, கைடு புக்லயும் சிலது அப்படித்தான் இருக்கு. இரட்டைக்கிளவிங்கிறது உருவத்தைப் பத்தின பேர், பிரிச்சா அர்த்தம் தராதுங்கிறதுதான் அதோட விதி, "இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா". சத்தம் இருக்கணும்னு அங்க யாரும் சொல்லல. சலசல கேக்கும், நறநற கேக்கும். பளபள, மினுமினு, வழவழ, கொழகொழ எதுவும் போன்ல கேக்காது. மொறுமொறு? கீழ பேல்காரன்கிட்ட வாங்கின சேவ் பூரி கைல இருக்கிறவரைக்கும் கேக்காது, வாய்ல போட்டா கேக்கும். இந்த ஒண்ணுக்கு கிளாஸ்ல அரைமணி நேரம் சண்டை நடந்துச்சு, இன்னும் முடியல.

டெஸ்ட் ஃபெயில் ஆகுற எடமும் இருக்கு. "நள்ளென் றன்றே யாமம்", குறுந்தொகை 6. நடுராத்திரி "நள்"ங்குது. இருட்டோட செறிவுன்னு படிக்கலாம், எல்லாம் அடங்கினதுக்கு அப்புறம் காதுக்குள்ள ஒரு ஓசை கேக்குமே அதுன்னும் படிக்கலாம். எனக்கு ரெண்டாவதுதான் புடிக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போய் ஃபேன் நின்னவுடனே வர்ற சத்தம் அது. ஆச்சிக்கு போன்ல கேக்குமான்னு கேட்டா நான் பதில் சொல்லி மாட்டிக்க மாட்டேன்.

கொக்கி இல்லாம ஒளிஞ்சிருக்கிறது

மார்கழில மாட்டுங்கா பக்கம் விடியக்காலைல போனீங்கன்னா திருப்பாவை காதுல விழும், அதுல ஏழாவது பாசுரம் எடுத்துக்கோங்க. "கீசுகீசு என்று எங்கும் ஆனைச்சாத்தன்"னு ஆரம்பிக்குது. ஆனைச்சாத்தன்னா வலியன்னு ஒரு பறவையைச் சொல்றாங்க. "கீசுகீசு என்று", கொக்கி இருக்கு, போன்ல கேக்கும், முடிஞ்சுது.

கொஞ்சம் தள்ளி "காசும் பிறப்பும் கலகலப்ப"ன்னு வருது. இங்க "என்று" இல்ல. காசும் பிறப்பும் அந்தப் பொண்ணுங்க போட்டிருக்கிற நகை, தயிர் கடையும்போது ஒண்ணோட ஒண்ணு இடிச்சு கலகலங்குது. அந்தக் கலகலவையே வினைச்சொல்லா மாத்திட்டாங்க ஆண்டாள், கலகலப்ப. சத்தம் இப்படி வேஷம் போட்டுக்கிட்டும் வரும்: சலசலத்தது, முணுமுணுத்தான், தடதடத்தது, படபடப்பு. வாலை வெட்டிட்டு உள்ள இருக்கிறதைத் தனியா சொல்லிப் பாருங்க, கண்டுபிடிச்சிரலாம்.

அடுத்து "மத்தினால் ஓசை படுத்த தயிரரவம் கேட்டிலையோ". இங்க ஓசைன்னும் வருது, அரவம்னும் வருது, கேட்டிலையோன்னும் வருது, பசங்க எல்லாரும் பாஞ்சு புள்ளி வச்சிருவாங்க. ஆனா இது ஒலிக்குறிப்பு கிடையாது, சத்தத்தோட பேர் மட்டும்தான். தயிர் என்ன சத்தம் போட்டுச்சுன்னு ஆண்டாள் சொல்லவே இல்ல. "இடி சத்தம் கேட்டுச்சு"ங்கிறதுக்கும் "டமால்னுச்சு"ங்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. தமிழ்ல இப்படி சத்தத்துக்குப் பேர் ஏகப்பட்டது, நன்னூல்ல ஒரே சூத்திரத்துல முழக்கு, கலி, துவை, பிளிறு, இமிழ், குரை, சிலை, சும்மை, கம்பலை, அரவம், ஆர்ப்புன்னு இருபதுக்கு மேல அடுக்கியிருப்பார். பழைய பாட்டுல "ஆர்ப்ப", "இமிழ்"னு பாத்தா சத்தம் இருக்குன்னு புரிஞ்சுக்கோங்க, ஆனா வேற கலர் பென்சில்ல குறிங்க.

சரி, தயிர் என்ன சத்தம் போடும்னு பசங்ககிட்ட கேட்டேன். ஒருத்தன் "கிர்ர்ர்"னான். அவன் வீட்ல மிக்ஸி. இன்னொரு பொண்ணு அவங்க மராத்தி பக்கத்துவீட்டு ஆஜி "ரவி" வச்சு மோர் கடையறதைப் பாத்திருக்கா, மத்தை அங்க ரவின்னுதான் சொல்வாங்க. அவ கண்ணை மூடிட்டு கையை முன்னயும் பின்னயும் இழுத்துக்கிட்டே "சளப்... சளப்"னா. எனக்கு ஆண்டாள் விட்ட எடத்தை அவ நிரப்பிட்ட மாதிரி இருந்துச்சு.

எழுத்தைப் பாருங்க

இது கொஞ்சம் அட்வான்ஸ். எங்க மாடி ரூமுக்கு மேல பத்ரா போட்டிருக்கு, தகர ஷீட்தான், இங்க எல்லாரும் பத்ரான்னுதான் சொல்வோம். ஜூன்ல மொத மழை விழும்போது பாடத்தை நிறுத்திட்டு கேக்க வைப்பேன். மொதல்ல அங்கொண்ணு இங்கொண்ணு டொக்... டொக். அப்புறம் சடசட. அப்புறம் சடசடவும் போய் ஹோன்னு ஒரே எரைச்சல், நான் கத்தினாக்கூட கடைசி பெஞ்சுக்குக் கேக்காது. இதுல பாருங்க, தனித்தனியா விழும்போது வாய்ல வர்றது ட், க் மாதிரி வல்லினம், எல்லாம் சேந்து ஓடும்போது ஹோ, ஓன்னு நெடில். பட், டக், சடக்னு குறில் வந்து வல்லின மெய்ல முடிஞ்சா சட்டுனு நடந்து முடிஞ்ச சத்தம். சலசல, கலகலன்னு ல-கரம் வந்தா நகந்துகிட்டே இருக்கிற சத்தம். முணுமுணு, ரீங்காரம்னு மூக்கெழுத்து வந்தா வாயை மூடிக்கிட்டு வர்ற சத்தம். கண்டிப்பான விதி இல்ல, ஆனா பத்துக்கு ஏழு எடம் ஒத்துப்போகும்.

இதை வச்சுக்கிட்டு பாரதியோட மழைப்பாட்டுக்குப் போங்க. "கூகூவென்று விண்ணைக் குடையுது காற்று", கொக்கி, நெடில், ஓடுற காத்து. அடுத்தது "சட்டச்சட சட்டச்சட டட்டா என்று தாளங்கள் கொட்டிக் கனைக்குது வானம்". நாம சடசடன்னு சொல்றதை அவர் சட்டச்சடன்னு ஒத்து வச்சு அழுத்திட்டார், பத்ரா மேல மழையே மிருதங்கம் வாசிக்கிற மாதிரி ஆயிருச்சு. அந்த "டட்டா"வைக் கவனிங்க. ட-ல தமிழ்ச்சொல் தொடங்காதுன்னு பழைய இலக்கணம் சொல்லுது, ர, ல-வுக்கும் அதேதான். அதையும் மீறி ஒரு சொல் ட-லயோ ல-லயோ ஆரம்பிச்சு, அது வடமொழியோ இங்கிலீஷோ இல்லன்னா, சத்தமா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி: டமார், டொக், லொட்டு லொட்டுன்னு. நம்ம லொள்ளும் அந்தக் கேஸ்தான். அந்த லொள்தான் பின்னாடி "ரொம்ப லொள்ளு பண்ணாத"ன்னு வந்து நிக்குதுன்னு சொன்னப்ப பசங்களுக்கு ஒரே குஷி.

அதே பாட்டுல "பாயுது பாயுது பாயுது"ன்னும் வரும், அதை விட்ருங்க, அது அர்த்தமுள்ள சொல்லை அடுக்கினது, அடுக்குத்தொடர். "தீம்தரிகிட தீம்தரிகிட" வேணா விவாதம். அது ஜதி, மிருதங்கத்தோட மொழி. மழைப்பாட்டுல மழைக்கும் காத்துக்கும் தாளமா வர்றதால நான் ஒலிக்குறிப்புன்னு வைப்பேன், ஆனா "அக்கினிக் குஞ்சொன்று கண்டேன்"ல கடைசில "தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்"னு வருதே, அங்க எரியுறது காடு, தீ அப்படியா சத்தம் போடும்? அது கூத்து, ஆட்டம். ஒத்துக்காதவங்க ஒத்துக்க வேணாம்.

ஏமாத்துற எடங்கள்

"வெற்றி எட்டுத் திக்கும் எட்டக் கொட்டு முரசே". படிச்சா முரசு கேக்குது, ட்ட ட்ட ட்டன்னு. ஆனா ஒவ்வொரு சொல்லுக்கும் முழு அர்த்தம் இருக்கு, எட்டுன்னா எட்டு, எட்டன்னா போய்ச் சேர. இங்க சொல் சத்தமில்ல, வரி சத்தம். கலிங்கத்துப்பரணில "எடும்எடும் எடும்என"ன்னு வர்றதும் இந்த ஜாதி, ஆளுங்க நெஜமா கத்துற வார்த்தை அது, கொக்கி இருக்கேன்னு ஏமாந்துராதீங்க. எதுகை மோனையும் இதே மாதிரி காதை இழுக்கும், அர்த்தம் இருந்தா ஓரமா வச்சிருங்க.

இதுக்கு மேல ஒரு கில்லாடி இருக்கார், அருணகிரிநாதர். "முத்தைத்தரு பத்தித் திருநகை" திருப்புகழ்ல போர்க்களத்துல கெழட்டு ஆந்தை கத்துது: "குக்குக்குகு குக்குக் குகுகுகு குத்திப்புதை புக்குப் பிடியென முதுகூகை". மொதல்ல வெறும் குக்குக்குகு. அப்படியே நழுவி "குத்திப்புதை, புக்குப் பிடி"ன்னு அர்த்தமுள்ள கட்டளையா மாறிருது, குத்து, பொதை, உள்ள பூந்து புடின்னு. எங்க சத்தம் முடிஞ்சு எங்க பேச்சு ஆரம்பிச்சுதுன்னு கோடு போட முடியாது. பென்சிலை வச்சுட்டு ரெண்டு தடவை சும்மா படிங்க. மனுசங்க எப்பவுமே பறவைகிட்ட இதைச் செஞ்சுக்கிட்டுதான் இருக்காங்க. நாம அக்காக்குயில்னு சொல்றோமே, அதையே ஹிந்திக்காரங்க "பீ கஹான்"னு கேட்டாங்க, என் ஆளு எங்கன்னு. இங்க மராத்தி விவசாயிங்க மழைக்கு முன்னாடி அது "பேர்தே வ்ஹா"ன்னு கத்துதுன்னு சொல்வாங்க, வெதைக்க ஆரம்பிங்கன்னு.

வீட்டுப்பாடம்

புத்தகத்தோட நின்னா பழகாது. எங்க பசங்களுக்கு நான் குடுக்கிற வேலை, ஹார்பர் லைன்ல வாஷி பக்கம் போற டிரெய்ன்ல மான்குர்ட் தாண்டினவுடனே கண்ணை மூடிக்கணும். தரைல ஓடுற வரைக்கும் ஒரு சத்தம், வாஷி பாலத்துல ஏறினவுடனே சத்தம் மொத்தமா மாறிரும், கீழ மண்ணு இல்ல, தண்ணிக்கு மேல வெறும் காத்து. ரெண்டு சத்தத்துக்கும் ஒவ்வொரு சொல் எழுதிட்டு வரணும், ஹிந்திச் சொல் கூடாது. அதை வச்சு ரெண்டு வரி, "என"வோ "ன்னு"வோ போட்டு ஒண்ணு, போடாம ஒண்ணு.

போன தடவை ஒருத்தி தரைக்கு "தடக் தடக்", பாலத்துக்கு "கடங் கடங்"னு எழுதியிருந்தா, அந்த "ங்" எங்கிருந்து புடிச்சான்னு தெரியல, நல்லா இருந்துச்சு. லொள் கேட்ட பொண்ணு "பாலம் மேல டிரெய்ன் கடகடத்தது, அம்மா என் கையை இறுக்கிக்கிட்டாங்க"ன்னு எழுதிட்டு வந்தா, கொக்கி இல்லாம. இன்னொரு பையன் நோட்ல "தொப்"னு ஒரு சொல் எழுதி, அதையும் குறுக்கால அடிச்சிருந்தான். என்னடான்னு கேட்டேன். "பக்கத்துல நின்ன ஆன்ட்டி பூஜைப் பூ போட்ட பையைப் பாலத்துலேந்து தூக்கிப் போட்டாங்க அங்கிள், தொப்னு கேக்கும்னு நின்னுட்டே இருந்தேன், கேக்கவே இல்ல."